ஆழமாக வெட்டிய வடிகால்: கடைமடைக் கிராமம் ஒன்றில் உப்பு ஏறிய கதையும் இறக்கிய விதமும்

பின்னணி

இந்தக் கிராமம் நாகப்பட்டினம் மாவட்டத்தில், வெண்ணாற்றின் கடைசிக் கிளைகளில் ஒன்றின் கரையில் இருக்கிறது. கடல் ஏறக்குறைய 9 கி.மீ. தூரம். ஆயக்கட்டு சுமார் 640 ஏக்கர். ஊர்க் கணக்கில் சொன்னால் 1,900 மாவுக்குக் கொஞ்சம் மேல் (ஏக்கருக்கு ஏறக்குறைய மூன்று மா). கல்லணையில் பிரியும் தண்ணீர் நூற்றுக்கணக்கான தலைமதகுகளைத் தாண்டித்தான் இங்கே வரவேண்டும். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும் இந்த ஊருக்குக் குறுவை கிடையாது. ஒரே போகம், சம்பா. ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு (காய்ந்த வயலில் நேரடி விதைப்பு), ஐப்பசி அடைமழையில் பயிர் எழும்பும், தை மாசியில் அறுவடை.

மேல்மடைக்காரர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கடைமடையில் பாசன வாய்க்கால் தனி, வடிகால் தனி என்று பிரிப்பது பெரும்பாலும் வரைபடத்தில்தான். மேலூரின் வடிகால் கீழூரின் பாசன வாய்க்கால். இங்கும் அப்படித்தான். 3.2 கி.மீ. நீளமுள்ள ஒரு வடிகால், மேலே உள்ள இரண்டு ஊர்களின் தண்ணீரையும் வாங்கி, இந்த ஊரின் தாழ்ந்த வயல்களுக்குப் பாய்ச்சலும் கொடுத்து, கடைசியில் ஆற்றில் விழுகிறது. விழும் இடம் ஆற்றின் கடைமடை இயக்கு அணைக்கு (ரெகுலேட்டருக்கு) கீழே இருப்பதால் அங்கே கடல் ஓதம் (கடல்நீர் ஏற்றம்) ஏறும். அதைத் தடுக்க வடிகாலின் வாயில் இரண்டு கண் மதகு ஒன்று உண்டு. ஊரார் அதை ‘சட்ரஸ்’ என்பார்கள். அதன் ஒரு கண்ணில் இரும்புப் பலகையின் அடிப்பகுதி துருப்பிடித்துக் கையகலத்துக்கு மேல் தின்றுபோய் வெகுநாளாயிருந்தது.

2021 கோடை: தூர்வாரிய விதம்

2021-இல் டெல்டா மாவட்டங்களில் 65.10 கோடி ரூபாய்ச் செலவில் 4,061 கி.மீ. நீளத்துக்குச் சிறப்புத் தூர்வாரும் பணி அறிவிக்கப்பட்டது. இந்த வடிகாலும் அந்த ஆண்டில் தூர்வாரப்பட்டது. வேலை தேவையான வேலைதான். வடிகால் முழுக்க ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டு, கரை எது, தரை எது என்று தெரியாமல் கிடந்தது.

எஸ்டிமேட்டில் இருந்தது நீளம், அகலம், சராசரி ஆழம், எடுக்கும் மண்ணின் கன அளவு. வடிகாலின் அடிமட்டம், மதகின் அடிப்படியைவிட (தண்ணீர் தாண்டிப் போகும் கீழ் விளிம்பைவிட) எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்க வேண்டும் என்ற வரி இல்லை. பொக்லைன் வந்தபோது ஊராரே முன்நின்று இன்னும் வெட்டச் சொன்னார்கள். “ஆழமா வெட்டுனா கோடைக்குக் கொஞ்சம் தண்ணி நிக்கும், மாடு கன்னு குடிக்கும்னு நாங்கதான் கேட்டோம்” என்றார் பாசனதாரர் சங்கத்தில் நீண்டநாள் இருந்த விவசாயி ஒருவர். மதகிலிருந்து மேலே சிறிது தூரம் தள்ளி, மண் இளக்கமாக இருந்த நடுப்பகுதியில் வெட்டு ஆழமாக விழுந்தது. மேற்பகுதியில் இறுகிய களிமண் இருந்ததால் பல் மேலோடு நின்றுவிட்டது. கன அளவு கணக்குக்குச் சரியாக வந்தது. யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை.

அந்த நவம்பரில் டெல்டா முழுக்கக் கனமழை. வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் தண்ணீர் நான்கே நாளில் வடிந்தது. ஊருக்குத் திருப்தி. தண்ணீர் சீக்கிரம் வடிந்ததற்குக் காரணம் செடி கொடி நீங்கியது, ஆழம் அன்று. மதகின் அடிப்படிக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் தானாக வெளியேறாது. இந்த வேறுபாடு அப்போது யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த கோடையில்தான் பட்டது.

2022: கண்டவை

பங்குனியில் முதல் அறிகுறி. வடிகாலில் நின்ற தண்ணீரை மாடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பின. கரையோரத்துக் குட்டை உவர்த்தது. வைகாசி வாக்கில் வடிகாலின் உள்கரையில் உமரி முளைத்திருந்தது. உப்பளத்து ஓரத்திலும் கழிமுகத்திலும் காணும் செடி அது. நெல் வயலின் வரப்புக்குப் பத்தடி தள்ளி அது முளைத்ததே போதுமான எச்சரிக்கை. மாடு மேய்க்கும் பெண்கள் அதைப் பார்த்துச் சொல்லவும் செய்தார்கள். சங்கக் கூட்டம் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டு மேட்டூர் மே 24-இலேயே திறக்கப்பட்டது. தண்ணீர் முன்கூட்டி வருகிறது என்ற நிம்மதியில் புரட்டாசி விதைப்பு நடந்தது. வடிகாலின் நடுப்பகுதிக்கு இருபுறமும் சுமார் 60 ஏக்கரில் முளைப்பு திட்டுத்திட்டாக வந்தது. முளைத்ததும் மூன்றாவது வாரத்தில் நுனி வெளுத்து, இலை சுருண்டு கருகியது. நெற்பயிருக்கு உப்பைத் தாங்க முடியாத பருவங்கள் இரண்டு: இளநாற்றுப் பருவம், பூக்கும் பருவம். புழுதி விதைப்பில் அந்த முதல் பருவம் வயலிலேயே, உப்பின் நடுவிலேயே கழிகிறது. சிலர் இரண்டாம் முறை விதைத்தார்கள். அறுவடை நேரத்தில், 2023 பிப்ரவரி முதல் வாரத்தில், பருவம் தப்பிய மழையும் சேர்ந்துகொண்டது. அந்த 60 ஏக்கரில் மாவுக்கு 2 முதல் 3 மூட்டைதான் தேறியது. பக்கத்து மேட்டு வயல்களில் 6 மூட்டைக்குக் குறையவில்லை.

தவறிப்போன கணிப்புகள்

முதல் சந்தேகம் இறால் பண்ணைமேல் விழுந்தது. அது இயல்பு. இந்தக் கடற்கரையில் இறால் பண்ணைக்கு எதிராக நடந்த போராட்டமும் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் ஊர் நினைவில் இருக்கின்றன. ஆனால் அருகில் இயங்கிய பண்ணை இந்த வடிகாலோடு சேராத வேறொரு ஓடையில் இருந்தது. பண்ணையைக் குற்றம் சொல்லி எழுதிய மனு வேறு துறைக்குப் போய், ‘இப்பகுதியில் விதிமீறல் இல்லை’ என்ற பதிலோடு ஐந்து மாதம் கழித்துத் திரும்பியது. அந்த ஐந்து மாதத்தில் ஒரு சம்பா போயிற்று.

இரண்டாவது, வடிகால் தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ‘பாசனத்துக்கு ஓரளவு ஏற்றது’ என்று முடிவு வந்தது. அந்த அறிக்கை பொய்யன்று. குவளையால் மேலாக மொண்ட தண்ணீரைப் பற்றிய உண்மை அது.

மூன்றாவது, உரக்கடையில் சொன்னபடி பலர் ஜிப்சம் போட்டார்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. உவர் நிலத்துக்கு அன்று. களரில் மண்துகளோடு ஒட்டிய சோடியத்தைக் கழற்ற ஜிப்சத்தின் கால்சியம் உதவும். உவரில் உப்பு மண்நீரில் கரைந்தே இருக்கிறது. அதை நல்ல தண்ணீரால் கழுவி, வடித்து வெளியேற்ற வேண்டும். வேறு வழி கிடையாது. இந்த வயல்களின் கார அமிலத் தன்மை (pH) 7.9 முதல் 8.3 வரை இருந்தது. களருக்கு 8.5-ஐத் தாண்டும். களர், உவர் என்று தமிழில் தெளிவாக இரண்டு சொல் இருந்தும் ‘உப்பு நிலம்’ என்ற ஒரே பேச்சில் இரண்டும் கலந்து, காசு மண்ணோடு போயிற்று.

அளந்த விதம்

2023 மார்ச்சில் சங்கமும், உதவிக்கு வந்த சிறு குழுவும் சேர்ந்து அளந்தன. வாங்கிய கருவி, பேனா வடிவ மின்கடத்துதிறன் மீட்டர் ஒன்றுதான். தண்ணீரில் உப்பு கூடினால் அது காட்டும் எண்ணும் கூடும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் 1.413 டெசிசீமன்ஸ்/மீட்டர் (இனி டெசிசீமன்ஸ்) திட்டக் கரைசலில் சரிபார்க்கப்பட்டது. மற்றவை மூங்கில் கழி, கயிறு, பாட்டில்.

ஆழத்துத் தண்ணீர் எடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் கல் கட்டி, அதை மூங்கில் கழியின் அடிமுனையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். வாயைத் தக்கையால் அடைத்து, தக்கையில் தனியாக ஒரு சரடு. கழியை மெதுவாகத் தரைவரை இறக்கி, சேறு அடங்க இரண்டு நிமிடம் காத்திருந்து, சரடை இழுத்தால் தக்கை கழன்று அடித்தண்ணீர் மட்டும் பாட்டிலில் நிறையும். வேகமாக இறக்கினால் இரண்டு அடுக்கும் கலந்துவிடும். முதல் நாள் அளவுகள் அப்படித்தான் வீணாயின.

மதகிலிருந்து 600 மீட்டர் மேலே மேல்தண்ணீர் 1.6 டெசிசீமன்ஸ். அதே இடத்தில் அடித்தண்ணீர் 13.8. உப்புநீர் கனமானது, நல்ல தண்ணீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. மேலே பார்த்தால் ஓடும் தண்ணீர், கீழே அசையாத உப்புக் கிடங்கு. குவளையில் மொண்டவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

அடிமட்டத்தை அளக்க லெவல் கருவி தேவைப்படவில்லை. ஓட்டம் முழுக்க நின்ற தண்ணீரின் மேற்பரப்பு தானே ஒரு மட்டக்கோல். உள்வரத்து இல்லாத நாளில், மதகின் உடைந்த கண்ணைச் சாக்கு அடைத்து மூடி, விடிகாலையில் ஒவ்வொரு 50 மீட்டரிலும் கழியால் ஆழம் பார்த்தார்கள். காற்று கிளம்பினால் தண்ணீர் ஒருபுறம் ஒதுங்கி அளவு கெடும் என்பதால் ஏழு மணிக்குள் முடிக்க வேண்டியிருந்தது. மதகின் அடிப்படியில் ஆழம் 40 செ.மீ. மேலே 350 மீட்டரிலிருந்து 1,050 மீட்டர் வரை ஆழம் 90 முதல் 110 செ.மீ. 1,500 மீட்டரில் 35 செ.மீ. அதாவது நடுவில் 700 மீட்டர் நீளத்துக்கு வடிகாலின் தரை, தண்ணீர் வெளியேற வேண்டிய படியைவிடச் சராசரியாக 60 செ.மீ. தாழ்ந்து கிடந்தது.

மண்ணிலும் ஒரு குழப்பம் தீர்க்க வேண்டியிருந்தது. நம் மண் பரிசோதனை நிலையங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளக்கின்றன. நெல் 3 டெசிசீமன்ஸ் வரை தாங்கும், அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் மகசூல் சுமார் 12 சதவீதம் குறையும் என்று பாடநூல்களில் காணும் கணக்கோ, நீரில் ஊறிய மண்சாற்றின் அளவு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. நிலையத்து அட்டையில் 1.9 என்று கண்டு ‘மூன்றுக்குள்தானே இருக்கிறது’ என்று ஆறுதல் அடைந்தவர்கள் உண்டு. கரைசலில் தண்ணீர் அதிகம் சேர்வதால் எண் குறைந்து தெரிகிறது. பயிரின் வேர் சந்திக்கும் உப்பு அதைப்போலப் பல மடங்கு.

நடந்தது இதுதான்

நாகைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் இந்த நிலத்தின் மட்டமும் அதே அளவில்தான் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறும் ஓதம் மதகின் படிக்கு மேல் வந்து, உடைந்த பலகை வழியே உள்ளே நுழைந்தது. தூர்வாருவதற்கு முன்பும் அது நுழைந்ததுதான். அப்போது தரை படியைவிட மேடாக இருந்ததால், ஓதம் இறங்கும்போது வந்த உப்பும் இறங்கிப் போயிற்று. பள்ளம் விழுந்த பிறகு, வந்த உப்புநீர் அதில் தங்கியது. ஒவ்வொரு பெரிய ஓதமும் அதில் இன்னும் கொஞ்சம் சேர்த்தது. கோடையில் ஆவியாகி அது இறுகியது. இருபுறத்து வயல்களிலும் தண்ணீர் வற்றியபோது, பள்ளத்து உப்பு மண்வழியே கசிந்து பக்கத்துக்குப் போயிற்று.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

பள்ளத்தை முழுக்கத் தூர்க்கலாம் என்பது முதல் யோசனை. 700 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் ஆழம்: 1,680 கன மீட்டர். டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் என்றால் 560 நடை. எடுத்த மண்ணில் பெரும்பகுதி ஏற்கெனவே கரைக்கும் மனைக்கும் போய்விட்டது. அந்த வழி கைவிடப்பட்டது.

அதற்குப் பதில் உப்பை வெளியே இறைத்து, மறுபடி மேலே ஏறாதபடி பள்ளத்தின் குறுக்கே மூன்று களிமண் திட்டுகள் போடுவது என்று முடிவாயிற்று. திட்டின் உச்சி மதகின் படிமட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் உயர்த்தினால் மழைநீர் வடிவது தடைப்படும். தாழ்ந்தால் உப்பு தாண்டும். உச்சி அகலம் 2 மீட்டர், இருபுறச் சரிவு ஒன்றுக்கு இரண்டு. ஒரு திட்டுக்கு 10 கன மீட்டர்கூட ஆகாது. மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நடை மண். 560 நடைக்கும் பத்து நடைக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் கூட்டத்தில் எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்தது.

கடினமாக இருந்தது இன்னொரு முடிவு. அந்தக் கோடையிலும் தூர்வாரும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ‘எங்கள் வடிகாலின் கீழ்ப்பகுதியில் மண் எடுக்க வேண்டாம், செடி மட்டும் அகற்றினால் போதும், அந்தப் பணத்தில் மதகைப் பழுதுபாருங்கள்’ என்று கேட்பதா? வேலை வேண்டாம் என்று சொன்னால் அடுத்த ஆண்டு பெயரே பட்டியலில் வராது என்று பலர் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. தூர்வாரும் நிதி ஒரு தலைப்பு, மதகுப் பராமரிப்பு வேறு தலைப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற உள்ளூர் அலுவலருக்கு அதிகாரம் இல்லை. கடைசியில் மே 1 கிராமசபையில் இரண்டு தனித் தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, மண் எடுக்காமல் செடி அகற்றும் வேலை. இன்னொன்று, மதகுப் பழுது. இரண்டோடும் ஆழ அட்டவணையும், மேல்தண்ணீர், அடித்தண்ணீர் அளவுகளும், கையால் வரைந்த நீள்வெட்டுப் படமும் இணைக்கப்பட்டன. முந்தைய மனு ஐந்து மாதம் அலைந்தது. இது குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மூன்றாம் வாரத்தில் பொறியாளரை மதகடிக்கு வரவழைத்தது. பொறியாளர் படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “படிமட்டத்தை எப்படி எடுத்தீர்கள்?” என்பதுதான். நின்ற தண்ணீரைக் கொண்டு எடுத்ததைச் சொன்னதும் அவரே கழியை வாங்கி நாலு இடத்தில் சரிபார்த்தார்.

டெல்டா நீர்க் கொள்கை என்றாலே பேச்சு டி.எம்.சி.யில் (நூறு கோடி கன அடியில்) நடக்கிறது. காவிரி வழக்கில் 2018-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் 177.25 டி.எம்.சி. இந்த நிலத்தின் உயிர். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு போன்ற தொழில்களைத் தடுக்கிறது, அதுவும் தேவை. ஆனால் ஒரு வடிகாலின் தரை எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை. கடைமடையின் வாழ்வு அந்த 60 சென்டிமீட்டரில் இருந்தது.

செய்த வேலை

செலவுக்கு மாவுக்கு 100 ரூபாய் ஊர்வரி போடப்பட்டது. குத்தகைக்காரரிடம் வாங்குவதா, நிலத்துக்காரரிடம் வாங்குவதா என்ற பேச்சு இரண்டு கூட்டங்களைத் தின்றது. பாதிப் பாதி என்று முடிந்தது. சுமார் 1.4 லட்சம் வசூலாயிற்று.

வைகாசியில் வடிகால் வாயில் தென்னங்கட்டையும் மூங்கிலும் அடித்து, களிமண் மூட்டை அடுக்கித் தற்காலிகத் தடுப்பு போட்டார்கள். பிறகு 5 எச்.பி. டீசல் பம்ப் வைத்து இறைப்பு. மணிக்கு 40 கன மீட்டர் என்று கொண்டால் 1,680 கன மீட்டருக்கு 42 மணிநேரம். கசிவு திரும்ப வந்ததால் 60 மணிநேரம் பிடித்தது. உறிஞ்சு குழாயின் அடிவால்வு தரையைத் தொடும்படி, ஆனால் சேற்றில் புதையாதபடி ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துக் கட்டப்பட்டது. இறைத்த நீரை ஓதம் இறங்கும் வேளையில் மட்டும் தடுப்புக்கு வெளியே விட்டார்கள். ஏறும் வேளையில் விட்டால் அங்கேயே நின்று திரும்பக் கசியும்.

மூன்று திட்டில் ஒன்று முதல் மழையிலேயே அறுந்தது. கரையில் கிடந்த பழைய தூர்மண்ணையே அதற்குப் போட்டிருந்தார்கள். அதில் மணல் அதிகம். வயலடிக் களிமண்ணை 15 செ.மீ. படலமாகப் போட்டு, ஒவ்வொரு படலத்தையும் மிதித்து இறுக்கி மறுபடி கட்டியது நின்றது. அடுத்த பொக்லைன் தெரியாமல் வாரிவிடாமலிருக்க ஒவ்வொரு திட்டுக்கும் நேரே கரையில் வெள்ளை அடித்த கல் நடப்பட்டது.

மதகின் உடைந்த கண்ணில் ஆகஸ்டில் ஒருவழிக் கதவு பொருத்தப்பட்டது. மேலே கீல், கீழே தொங்கும் பலகை. உள்ளே தண்ணீர் உயர்ந்தால் தானே திறக்கும், வெளியே ஓதம் உயர்ந்தால் தானே மூடும். ஆள் தேவையில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். அது தவறு. ஒரு காட்டாமணக்குக் குச்சி பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கினால் போதும், இரவு முழுக்க நாலு விரல் இடைவெளியில் உப்பு ஏறும். முதல் மாதத்திலேயே அமாவாசை இரவு ஒன்றில் அப்படி நடந்தது. பிறகு உள்பக்கம் கம்பி வலைச் சட்டம் போட்டார்கள். அதில் சேரும் குப்பையை மழைக்காலத்தில் தினமும், மற்ற நாளில் வாரம் ஒருமுறையும் வார வேண்டும். துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டைச் சாதாரண இரும்புச் சட்டத்தில் நேரடியாக முடுக்கிய இடங்கள் ஆறு மாதத்தில் அரித்தன. உப்புநீரில் இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றில் எளிதில் அரிப்பது கரையும். நடுவே ரப்பர் வாஷர் போட்டபின் நின்றது.

மழைக்காலத் தகராறு

2023 ஐப்பசிக் கடைசியில் கனமழை. இரண்டாம் கண் அப்போது இன்னும் மூட்டை அடைப்பில்தான் இருந்தது. மேலூர் வயல்களில் தண்ணீர் ஏறியது. இரண்டாம் நாள் இரவு மேலூரார் வந்து மூட்டைகளை வெட்டி விட்டார்கள். காலையில் இரு ஊரும் கைகலக்கும் நிலை. மேலூரார் செய்தது அந்த நேரத்தில் சரி. அவர்களுடைய வடிகாலை அடைக்கும் முடிவு அவர்களைக் கேட்காமல் எடுக்கப்பட்டிருந்தது. இந்த முயற்சி முழுவதிலும் மிகப் பெரிய பிழை இதுதான். உப்பைப் பற்றி இவ்வளவு அளந்தவர்கள், மேலூரின் தாழ்ந்த வயல் எந்த மட்டத்தில் மூழ்கும் என்று அளக்கவில்லை.

பிறகு மூன்று ஊரும் உட்கார்ந்து விதி வகுத்தன. மதகின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் பெயின்ட்டில் அளவுகோல். படிமட்டம் பூஜ்யம். உள்ளே 60 செ.மீ. மஞ்சள், ஆள் மதகடியில் இருக்க வேண்டும். 90 செ.மீ. சிவப்பு; மேலூரின் தாழ்ந்த வரப்பு தாண்டும் மட்டம், இரண்டாம் கண்ணைத் திறந்தே ஆகவேண்டும். ஆனால் வெளி அளவு உள் அளவைவிடக் குறைவாக இருக்கும்போது மட்டும். ஓதம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும்; ஆகவே கடிகாரத்தைப் பார்த்துத் திறப்பது உதவாது, இரண்டு அளவுகோலையும் பார்த்துத்தான் திறக்க வேண்டும். சாவி இரண்டு, ஒன்று மேலூரில். திறந்த நேரம், மூடிய நேரம், இரண்டு அளவுகள் நோட்டில் எழுதப்படும்.

ஓதத்தோடு ஏறும் இறாலுக்காக மதகுக் கண்ணில் வலை கட்டுவோர், கதவுக்குக் கட்டை கொடுத்துத் திறந்து வைப்பதும் உண்டு. தடை போட்டுப் பயன் இல்லை. நிலமில்லாத சில குடும்பங்களுக்கு அது அன்றாடக் கறிக்காசு. ஓதம் இறங்கும்போது, கதவுக்கு வெளிப்பக்கம் வலை கட்டலாம் என்று பேசி முடித்தார்கள். அவர்களில் ஒருவரே இப்போது குப்பை வாரும் பொறுப்பில் இருக்கிறார். மாதச் சம்பளம் ஊர்வரியிலிருந்து. கதவு சிக்கினால் முதலில் தெரிவது அவருக்குத்தான்.

வயலில்

உப்பு ஏறிய 60 ஏக்கரில் வரப்பை 30 செ.மீ. உயர்த்தி, ஓரத்தில் 45 செ.மீ. ஆழ வடிகுழி எடுத்தார்கள். முதல் நல்ல மழையைத் தேக்கி, இரண்டு மூன்று நாள் நிறுத்தி, வடித்து, மறுபடி தேக்கி, மூன்று முறை கழுவினார்கள். வடிகுழி எடுக்காமல் தேக்கியவர்களுக்குப் பலன் இல்லை. உப்பு கீழே போய் வெயிலில் மேலே வந்தது. புழுதி விதைப்பை விட்டு, மேட்டில் நாற்று விட்டு, 30 முதல் 35 நாள் முதிர்ந்த நாற்றை நட்டார்கள். இளநாற்றுப் பருவத்தை உப்பிலிருந்து தள்ளி வைப்பதற்காக. குத்துக்கு நாலைந்து நாற்று. சிலர் கோ 43 ரகம் போட்டார்கள், இரண்டு பேர் குழியடிச்சான் என்ற பாரம்பரிய ரகம். தண்ணீர் சேமிக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை இந்த வயல்களில் மட்டும் தவிர்க்கச் சொல்லப்பட்டது. மற்ற இடத்தில் நல்ல முறை அது; நீரும் மிச்சம், மீத்தேனும் குறைவு. உவர் நிலத்தில் வயல் வெடிக்கும் அளவுக்குக் காய்ந்தால் கீழ் உப்பு மண்துளை வழியே ஏறி வேருக்கு வரும். கோடை மழைக்கு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் நேரத்தில் மடக்கி உழுதார்கள்.

விளைவு

2023 கடினமான ஆண்டு. மேட்டூரில் நீர் குறைந்து அக்டோபர் 10-இல் பாசனத்துக்கு மூடப்பட்டது. ஆற்றில் மேலிருந்து தள்ளும் தண்ணீர் இல்லாதபோது ஓதம் வழக்கத்தைவிட உள்ளே வரும். பழைய நிலையில் இருந்திருந்தால் உப்பு நிச்சயம் 1,500 மீட்டர்வரை போயிருக்கும். 2024 பங்குனியில், அதே 600 மீட்டரில் அடித்தண்ணீர் 4.1 டெசிசீமன்ஸ், கதவு சிக்கிய அமாவாசையின் மிச்சம் அதில் இருந்தது. அந்தச் சம்பாவில் 60 ஏக்கரில் மாவுக்கு 4 மூட்டை. இரண்டாம் கண்ணும் 2024 ஏப்ரலில் புதுப் பலகை கண்டது. அந்த ஆண்டு நவம்பர் கடைசி மழையில் விதிப்படி ஐந்து முறை திறந்து மூடினார்கள். மூட்டை வெட்டுவோ சண்டையோ இல்லை. 2025 அறுவடையில் பெரும்பாலான வயல்களில் மாவுக்கு 6 மூட்டை. வடிகாலுக்கு ஒட்டிய எட்டு ஏக்கர் இன்னும் தேறவில்லை.

மாற்ற வேண்டியவை

கடைமடை இயக்கு அணைகளுக்கு அருகிலும் கீழேயும் உள்ள எந்த வாய்க்காலிலும், எஸ்டிமேட்டின் முதல் பக்கத்திலேயே மதகின் படிமட்டமும் அதற்கு ஏற்ற நீள்வெட்டும் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் எடுத்த மண்ணின் கன அளவோடு, நின்ற தண்ணீரில் கழி வைத்து எடுத்த ஆழ அட்டவணையையும் பாசனதாரர் சங்கம் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அரை நாள் வேலை. பணம் கொடுப்பதை அதோடு இணைத்தால் போதும். 2022-இல் 80 கோடியில் 4,964 கி.மீ. என்று அறிவிப்பு வந்தது. கிலோமீட்டரால் அளக்கும்வரை நீளமும் ஆழமும்தான் கூடும், மட்டம் யார் கண்ணிலும் படாது.

மதகு முதலில், தூர் பிறகு. ஓட்டை மதகுக்கு மேலே தூர்வாருவது கடலுக்கு வழி வெட்டுவதுதான். மதகுப் பராமரிப்புக்கும் தூர்வாருக்கும் உள்ள நிதித் தலைப்புச் சுவரில், கடைமடைக்காவது ஒரு சிறு கதவு வேண்டும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின் எல்லை, ஆறுகளிலும் ஓடைகளிலும் வறண்ட காலத்தில் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடத்தைக் கொண்டு குறிக்கப்படுகிறது. நாமே வெட்டிய பள்ளத்தால் ஏறிய உப்பை இயற்கையான ஓதம் என்று எண்ணி எல்லைக்கோடு வரைந்துவிடக் கூடாது. அதனால் அடித்தண்ணீர் அளவோடு அடிமட்ட அளவும் சேர்த்தே பதிவாக வேண்டும்.

மேலூரை முதல் கூட்டத்திலேயே அழைக்க வேண்டும். உமரி முளைத்ததைச் சொன்ன பெண்களை, தண்ணீரை முகர்ந்து திரும்பிய மாடுகளைப் பற்றிச் சொன்னவர்களைக் கூட்டத்தில் பேசவைக்க வேண்டும். அவர்கள் பேச்சு 2022 வைகாசியில் நோட்டில் ஏறியிருந்தால் அந்தப் புரட்டாசி விதைப்பையாவது நாற்று நடவாக மாற்றியிருக்கலாம்.

இப்போது சங்கத்தின் நோட்டில் மாதம் ஒரு வரி ஏறுகிறது: தேதி, அமாவாசையா பௌர்ணமியா, 600 மீட்டரில் மேல் எவ்வளவு, அடி எவ்வளவு, வலைச் சட்டம் வாரியாயிற்றா. பாட்டிலும் கழியும் சங்கக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் தொங்குகின்றன. எட்டு ஏக்கருக்கு உரியவர்கள் அடுத்த கோடையில் வடிகுழியை இன்னும் 15 செ.மீ. ஆழப்படுத்தப் போகிறார்கள், அதற்கு முன் குழியின் வாய் வடிகாலின் எந்த மட்டத்தில் விழும் என்று அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.